எலியை விடுங்கப்பா!

டேலியில் எஃப்5 பேமெண்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பி.காம். மக்களே, ஜிமெயிலுக்குள் போனதும் ஏன் மவுசைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

"நாலு மெயிலுக்கு எதுக்குடா ஷார்ட்கட்?" என்று நானும் நக்கலடித்தவன்தான். தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே கிடந்த இண்டர்ன்ஷிப் மெயிலை நான் பார்த்தபோது கடைசித் தேதி முடிந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கிளிக் பண்ணி அழிக்கச் சோம்பல், அதனால் வந்த வினை.

செட்டிங்ஸில் கீபோர்டு ஷார்ட்கட்ஸை ஆன் செய்து சேமியுங்கள். (தானாக ஆன் ஆகியிருக்காது. கூகுள் மேல் எனக்குக் கோபமே அதுதான்!) பிறகு ஜே அடித்தால் கீழே, கே அடித்தால் மேலே. திறந்த மெயிலில் ஈ அடித்தால் ஆர்க்கைவ், ஆர் அடித்தால் பதில். மறந்துவிட்டால் கேள்விக்குறி அடியுங்கள், மொத்தப் பட்டியலும் வரும்.

டேலிக்குப் பழகிய விரல் இதற்குப் பழகாதா என்ன?