ஒரே வேர், இரண்டு வாக்குறுதிகள்

மூலிகை மருத்துவம் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம் வீடுகளில் இரண்டு அணிகள் உருவாகிவிடும். "முன்னோர் சொன்னது பொய்க்காது" என்பது ஓர் அணி. "அதெல்லாம் அந்தக் காலம், அறிவியலுக்கு ஒத்துவராது" என்பது மற்றோர் அணி. பள்ளிப் பட்டிமன்றங்களிலும் இதே தலைப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

இரண்டு அணிகளும் ஒரே தவற்றைச் செய்கின்றன என்பது என் கருத்து. ஒரு மருத்துவ மரபை மொத்தமாக ஏற்கவும் முடியாது. மொத்தமாகத் தள்ளவும் முடியாது. அது சொல்லும் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இதை விளக்க ஒரே ஒரு செடி போதும். அதன் பெயர் சர்ப்பகந்தா.

இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஈரப்பதமான காட்டு நிழலில் வளரும் குறுஞ்செடி இது. பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டாது. சிவந்த காம்புகளில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகச் சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். பழம் கறுப்பாகப் பளபளக்கும். அறிவியல் பெயர் ராவோல்ஃபியா செர்பென்டினா. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியும் அரளியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மருந்தாகப் பயன்படுவது இதன் கசப்பான வேர்.

ஆயுர்வேதமும் நாட்டு வைத்தியமும் இந்த வேரைப் பற்றி முக்கியமாக இரண்டு வாக்குறுதிகள் தந்தன. ஒன்று, பாம்புக்கடிக்கு இது மருந்து. சர்ப்பம் என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது. மற்றொன்று, கொந்தளிக்கும் மனத்தை இது அமைதிப்படுத்தும், தூக்கம் தரும். வட இந்தியாவின் பீகாரில் இந்த வேரைப் 'பித்துக்கு மருந்து' என்றே மக்கள் அழைத்தார்கள்.

ஒரே வேர், ஒரே மரபு. இந்த இரண்டு வாக்குறுதிகளையும் சோதித்தபோது என்ன நடந்தது?

இரண்டாவது வாக்குறுதியை முதலில் பார்ப்போம். 1931ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு மருத்துவர்கள், இந்த வேர் மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் சித்திக்கியும் வேரிலிருந்து சில ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். ஆல்கலாய்டு என்பது தாவரங்கள் உருவாக்கும், நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருள். காப்பியில் உள்ள காஃபீனும் ஓர் ஆல்கலாய்டுதான்.

1949ஆம் ஆண்டு பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்தம் உள்ள 50 பேருக்கு இந்த வேரைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து பதிவு செய்தார். பெரும்பாலானோருக்கு அது இறங்கியது. பிரிட்டனின் இதய மருத்துவ ஆய்விதழில் அந்தக் கட்டுரை வெளியானதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வேரின் முக்கியமான செயல்பொருள் பிரிக்கப்பட்டது. அதற்கு ரெசர்பின் என்று பெயரிட்டார்கள்.

ரெசர்பின் எப்படி வேலை செய்கிறது? நம் நரம்பு முனைகளில் நோரட்ரீனலின், டோபமின், செரோடோனின் போன்ற தூதுப் பொருள்கள் சின்னஞ்சிறு பைகளில் சேமிக்கப்படுகின்றன. அந்தப் பைகளுக்குள் அவற்றை ஏற்றும் புரதத்தை ரெசர்பின் தடுத்துவிடுகிறது. பைகள் காலியாகின்றன. இரத்தக் குழாய்களைச் சுருக்கச் சொல்லும் செய்தி பலவீனமாகிறது, குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் குறைகிறது. மூளையிலும் இதே மாற்றம் நடப்பதால்தான் மனம் அடங்குகிறது.

இந்தக் கதை இன்னும் நீள்கிறது. 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுக்கப்பட்டு அசையாமல் கிடந்த முயல்களுக்கு, உடலில் டோபமினாக மாறும் எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். அவை மீண்டும் நடமாடின. டோபமினைப் பற்றிய அந்தப் புரிதல்தான் பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சைக்கு வழி திறந்தது. 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மரபை அன்றே ஏளனம் செய்து ஒதுக்கியிருந்தால் இவ்வளவையும் இழந்திருப்போம்.

இனி முதல் வாக்குறுதிக்கு வருவோம். பாம்பு நஞ்சு பெரும்பாலும் புரதங்களின் கலவை. அந்தப் புரதங்களைப் பிடித்துச் செயலிழக்கச் செய்ய எதிர்ப்பொருள்கள் வேண்டும். நஞ்சு முறிவு ஊசியில் இருப்பவை அவைதான். சர்ப்பகந்தா வேர் அந்த வேலையைச் செய்யும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வேரை அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்.

"பல நூறு ஆண்டுகள் மக்கள் பயன்படுத்தியதே ஒரு சோதனைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாம்புகளில் பல இனங்கள் நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் கடிக்கும் ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை. ஆகவே கடிபட்டவர்களில் பலர் எந்த மருந்தும் இல்லாமலே பிழைப்பார்கள். அவர்களுக்கு வேரைக் கொடுத்திருந்தால் புகழ் வேருக்குப் போகும். இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. அனுபவம் நம்மை ஏமாற்றும் இடம் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரத்த அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது. கையில் பட்டை கட்டி அளக்கும் கருவி 1896இல்தான் வந்தது. அளவிடும் கருவி வந்த பிறகே இந்த வேரின் மிகப் பெரிய பயன் வெளிப்பட்டது. இதில் மரபின் பங்கும் உண்டு. அளவீட்டின் பங்கும் உண்டு. கல்கத்தாவிலும் டில்லியிலும் பம்பாயிலும் அதைச் செய்தவர்கள் இந்தியர்களே. ஆகவே சோதித்துப் பார்ப்பதை மேல்நாட்டுப் பழக்கம் என்று ஒதுக்குவது சரியல்ல.

சோதனை நல்ல செய்தியை மட்டும் சொல்லவில்லை. ரெசர்பின் எடுத்தவர்களுக்கு மூக்கடைப்பும் சோர்வும் வந்தன. சிலருக்கு மனச்சோர்வு ஏற்பட்டதாகவும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு வழக்கமான அளவே கால் மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. வேரில் உள்ள செயல்பொருளின் அளவோ செடிக்குச் செடி மாறும். ஒரு தேக்கரண்டிப் பொடியில் எவ்வளவு ரெசர்பின் இருக்கிறது என்று நாக்கு சொல்லாது. மேலான மருந்துகள் வந்துவிட்டதால் இன்று மருத்துவர்கள் ரெசர்பினை அரிதாகவே தருகிறார்கள்.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்? 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. உங்கள் தாத்தா, பாட்டி, அம்மா, அப்பாவில் ஒருவர் தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். "இந்தப் பொடியைச் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம்" என்ற செய்தி புலனத்தில் வருகிறது. அதை நம்பி அவர் மாத்திரையை நிறுத்தினால் உடனே எதுவும் தெரியாது. அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். பக்கவாதமோ மாரடைப்போ வரும்போதுதான் தெரியும்.

அந்த வீட்டில் அறிவியல் படிக்கும் பிள்ளை நீங்கள். பெரியவர்களிடம் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். எந்த நோய்க்கு? எவ்வளவு அளவு? எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' எழுத்தைக் கொண்ட பதிவு எண் இருக்கும். தரமும் பாதுகாப்பும் பரிசீலிக்கப்பட்டதை அது காட்டுகிறது. நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்டதாக அதற்குப் பொருள் இல்லை. எண்ணே இல்லாத பொருள் என்றால் தொடாதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

பாட்டி ஏற்கெனவே ஏதாவது மூலிகை எடுத்துவந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், தினமும் ஒரே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதிவைக்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.