அத்தியும் பூக்கிறது

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் வந்திருந்தாள் பேத்தி. பதினோராம் வகுப்பில் தாவரவியல் பயின்றவள். எங்கள் தெருப் பிள்ளையாரை வலம் வருகையில், உதிர்ந்து கிடந்த அரசம்பழமொன்றை நகத்தால் பிளந்தாள். கோயில் மரத்துக் கனியாயிற்றே என்று கடிந்துகொண்டேன்.

"தாத்தா, இது தனிப் பழமில்லை. பூங்கொத்தே உருண்டு மூடிக்கொண்டது" என்றாள்.

அரசு, ஆல், அத்தி மூன்றுக்கும் மலர்கள் உள்ளேதானாம். சிறு துளை வழியே நுழைந்து மகரந்தம் சேர்ப்பது எள்ளளவுக் குளவி. மரத்துக்கு மரம் அதன் இனமும் வேறு. அக்குளவி இல்லையேல் விதையில்லை. அப்பூக்கள் இல்லையேல் குளவிக்குக் குஞ்சு பொரிக்க இடமில்லை.

"அத்தி பூத்தாற்போல" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அது தவறாமல் பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கடிந்ததற்குப் பேத்தியிடம் வருத்தம் தெரிவித்தேன். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நானும் ஒரு பழத்தைக் குனிந்து எடுத்தேன்.