பிள்ளைக்குச் சுருதியா, சுருதிக்குப் பிள்ளையா?

முத்தமிழுள் இயலுக்கும் நாடகத்துக்கும் நடுவே இசையை வைத்துப் போற்றிய நம் முன்னோர், யாழைக் கையிலேந்திய கலைஞன் முதலிற் செய்யவேண்டிய தொழிலுக்குப் 'பண்ணல்' என்று பெயரிட்டிருந்தனர். பாடவிருக்கும் பண்ணுக்கு இயைய நரம்புகளை இசைகூட்டிக் கொள்வதே பண்ணலாகும். அது முடியாமல் யாழ் பேசாது. கருவி பாட்டுக்குப் பணிந்து நின்ற காலம் அது. இன்று நமது வாரவிறுதி வகுப்புகளில் அந்த ஒழுங்கு தலைகீழாகி வருகின்றதோ என்னும் ஐயமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

புவாண்ட்-கிளேரிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர், தம் பிள்ளைகள் சங்கீதம் பயிலவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் மின்விசைப்பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கின்றனர். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடித் திரியும் பெற்றோர் செய்யும் இச்செலவை நான் குறைகூற வரவில்லை. ஆனால் பிள்ளை அப்பலகையின் நடுவிலுள்ள ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தி அதுவே 'ஸ' என்று மனத்திற் பதித்துக்கொள்கிறது. பிறகு எந்தப் பாட்டையும் அங்கிருந்தே தொடங்குகிறது. விழாப் போட்டிகளிலும் வசதி கருதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சுருதி வைக்கப்படுகின்றது. தொண்டை ஏறாத பிள்ளை கத்துகிறது. இறங்காத பிள்ளை முணுமுணுக்கிறது. நடுவர் இருவருக்கும் புள்ளி குறைக்கிறார்.

இக்குழப்பத்துக்கு இந்நாட்டுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பாடசாலைகளிற் படிக்கின்றனர். அங்கே கற்பிக்கப்படும் 'தோ, ரே, மி' என்பன நிலையான சுரங்கள். 'தோ' என்றால் அது ஒரே கட்டைதான். யார் பாடினாலும் எந்த வீட்டில் வாசித்தாலும் அது மாறாது. நமது 'ஸ ரி க' அத்தகையதன்று. ஷட்ஜம் பாடுபவரோடு இடம்பெயரும். உன் தொண்டைக்கு எது அடிநிலையாகப் பொருந்துகின்றதோ அதுவே உன் ஷட்ஜம். இந்த வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லாதபோது பிள்ளை 'தோ'வும் 'ஸ'வும் ஒன்றென்றே எண்ணிக்கொள்ளும். அதிற் பிள்ளையின் பிழை எதுவுமில்லை.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்றாற் காட்டலாம். பலகையின் நடுவிலுள்ள 'தோ' வினாடிக்கு ஏறத்தாழ 262 அதிர்வுகள் உடையது. அதை ஷட்ஜமாகக் கொண்டால் மேல் ஷட்ஜம் 523, மேற்பஞ்சமமோ 784. கர்நாடக இசையில் தேர்ந்த பெண் பாடகர் பலர் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையிற் பாடுகின்றனர். ஐந்து கட்டை என்பது 196 அதிர்வு. அதிற் பாடுவோரது மேற்பஞ்சமம் 590ஐக்கூட எட்டுவதில்லை. சிறு பிள்ளைகளின் குரல் பெரியோர் குரலினும் சற்று உயர்ந்ததே என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் பல்லாண்டு சாதகம் செய்த வித்துவசிகள் ஏறாத உயரத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையை ஏறச் சொல்வது எவ்வகையில் நியாயம்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் ஆண்பிள்ளைகளின் நிலை இன்னும் பரிதாபமானது. சென்ற மாதம் பாடிய சுருதி இம்மாதம் அவர்களுக்கு எட்டாது. அந்த வெட்கத்தினாலேயே பாட்டை அடியோடு விட்டுவிட்ட பையன்களை ஊரிலும் கண்டிருக்கிறேன், இங்கும் காண்கிறேன்.

'கட்டை' என்ற அளவே நமக்கு ஆர்மோனியத்திலிருந்து வந்ததுதான். அதன் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்று வழங்கினர். பிரெஞ்சுக்காரர் 'தோ' என்பதை நாம் ஒரு கட்டை என்கிறோம். அவர்களது 'சொல்' நமக்கு ஐந்து கட்டை. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் இங்குள்ள பிள்ளைகள் ஒரே நாளிற் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த ஆர்மோனியத்தின் கதையும் சுவையானது. 1842ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அலெக்சாண்டர் டெபேன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கல்கத்தாவில், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும் வடிவை அது பெற்றது. தமிழ்நாட்டிலே சங்கரதாஸ் சுவாமிகளின் இசைநாடக மேடை அதனை அணைத்துக்கொண்டது. ஒலிபெருக்கி இல்லாத அந்நாளிற் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமெனின் நடிகர் உச்சச் சுருதியிற் பாடவேண்டும்; அச்சுருதியைத் தளராமல் தாங்கிப் பிடிக்க ஓர் இயந்திரமும் வேண்டும். 1933இல் இருபத்தேழு வயதிலே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் புகழ் அந்த உச்சச் சுருதியோடு பிணைந்தது. கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் அது வந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'அரிச்சந்திர மயான காண்டம்' பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேடையோரத்து ஆர்மோனியத்தை நினையாமல் அவர்களால் அந்த மயானத்தை நினைக்க முடியாது.

பெட்டியைத் திறந்து பார்க்கும் வாய்ப்புப் பிள்ளைகளுக்குக் கிடைத்தால் நன்று. உள்ளே பித்தளை நாக்குகள் வரிசையாக இருக்கும். காற்றுப் பட்டதும் நாக்கு அதிரும். நாக்கின் நுனியை மெல்லச் சுரண்டினால் பாரம் குறைந்து சுருதி ஏறும். அடிப்பக்கத்தைச் சுரண்டினால் வலிமை குறைந்து சுருதி இறங்கும். நான் கற்பித்த ஊர்ப் பாடசாலையில் அத்தகைய பெட்டி ஒன்று இருந்தது. சங்கீத ஆசிரியை சிறு கத்தியும் மெல்லிய தகடுமாக அமர்ந்து, ஒரு நாக்கைச் சுரண்டுவதும் செவியைச் சாய்த்துக் கேட்பதுமாக மாலை முழுவதையும் கழிப்பார். பௌதிகம் படிப்பித்த நான் என் பாடப்புத்தகத்திலிருந்த அதிர்வெண்ணை அங்கேதான் கண்ணாற் கண்டேன். அந்தப் பெட்டி இடப்பெயர்வுகளில் எங்கே போயிற்றோ அறியேன்.

சரி, ஆர்மோனியம் இத்தனை நல்லதாயின் அகில இந்திய வானொலி ஏன் அதனை 1940ஆம் ஆண்டு விலக்கி வைத்தது? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த அத்தடை 1971இலேதான், அதுவும் பகுதியாகவே, தளர்த்தப்பட்டது. கவி தாகூருக்கும் அக்கருவி பிடிக்கவில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது கமகம். தோடி இராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைவது. கட்டையை அழுத்தினால் அது ஓரிடத்திலேயே நிற்கும். இரண்டாவது காரணம் கணக்கோடு தொடர்புடையது. ஷட்ஜத்தை 240 அதிர்வு என்று கொள்வோம். இயற்கை விகிதப்படி பஞ்சமம் 360, அந்தர காந்தாரம் 300. தம்புராவை நன்கு மீட்டிக் கூர்ந்து கேட்டால் எவரும் வாசியாமலே அந்தக் காந்தாரம் தானே ஒலிப்பதைக் கேட்கலாம். விசைப்பலகையோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாக்கி வைத்திருக்கிறது. எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் ஒரேவிதமாக ஒலிக்கவேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது. அதிலே பஞ்சமம் 359.6, செவிக்கு வேறுபாடு தெரியாது. காந்தாரமோ 302.4. தம்புராவோடு சேர்த்து அழுத்தினால் ஒருவித நடுக்கம் கேட்கும். மாயாமாளவகௌளையிற் சரளிவரிசை தொடங்கும் பிள்ளை நாள்தோறும் இந்த 302.4ஐயே காந்தாரமாகக் கேட்டு வளர்ந்தால், அதன் செவிக்கு 300 பிழையாகப் படும்.

தஞ்சையில் மருத்துவராய் விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் இத்தகைய கணக்குகளுக்காகவே தம் பொருளையும் வாழ்நாளையும் செலவிட்டார். 1916இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டில் ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கொள்கையை மறுத்து 24 என்று வாதிட்டார். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் கண்ட சுருதிகளும் சம பாகங்களே என்பதால், இயற்கை விகிதத்தைப் போற்றுவோர் அவரை ஏற்பதில்லை. அவ்வழக்கு இங்கு நமக்கு வேண்டாம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு தமிழ்ப் பெயர்களையும் நம் மாணவர் ஒரு முறையேனும் உச்சரிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குண்டு.

இயந்திரம் சொல்வதே சரியான சுருதி என்று நம்புவோருக்கு இம்மொன்றியல் நகரிலேயே ஒரு பாடம் உண்டு. இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் இந்நகரிலே தம் கிராமபோன் தொழிலை நிறுவினார். சென்-ஹென்றிப் பகுதியிலுள்ள பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் அவர் பெயரால் அருங்காட்சியகம் ஒன்றும் அமைந்தது. முடுக்கிவிட்ட சுருள்வில்லின் விசையாற் சுழன்ற அப்பெட்டிகளில் வேகம் கூடினாற் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்திற் பதியப்பட்டவையல்ல. நிமிடத்துக்கு 74 சுற்றிற் பதிந்த தட்டை 78இல் ஓடவிட்டால் பாடகரின் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். பழைய பாடகர் இத்தனை கட்டையிற் பாடினார் என்று தட்டைக் கேட்டுச் சத்தியம் செய்வோர், அத்தட்டு என்ன வேகத்திற் பதியப்பட்டதென்றும் ஒருகால் விசாரிப்பது நல்லது! மேலைநாட்டாரின் 'லா' என்னும் ஆதார சுரமே பிரான்சில் 1859ஆம் ஆண்டுச் சட்டப்படி 435 அதிர்வாக இருந்து, 1939இல் இலண்டனிற் கூடிய மாநாட்டின்பின் 440 ஆயிற்று. மனிதர் கூடிப் பேசி வைத்த எண்ணே அதுவும்.

ஆகவே பெற்றோர் வாங்கிய விசைப்பலகையை மூலையில் வைக்கச் சொல்கிறேனா? இல்லை. அகில இந்திய வானொலியின் தடை என் உள்ளத்துக்கு உவப்பானதன்று. ஏழை வீட்டிலும் கோயில் பஜனையிலும் கூத்து மேடையிலும் இசையைக் கொண்டுசென்று சேர்த்த கருவியை அவ்வாறு தள்ளியது பண்டித மனப்பான்மை. பலகையை ஆசிரியராக்காமற் சுருதிக்காரராக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். பெரும்பாலான பலகைகளிற் சுருதியை அரைக்கட்டை அரைக்கட்டையாக ஏற்றவும் இறக்கவும் ஒரு பொத்தான் உண்டு. அது எதற்கென்று வீட்டில் எவரும் பார்ப்பதில்லை. ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் ஒலிக்கவிட்டு, மற்றச் சுரங்களைப் பிள்ளை ஆசிரியரின் வாயிலிருந்தே கேட்டுப் பாடட்டும். பெங்களூரில் ராஜ் நாராயண் என்னும் பொறியியலாளர் 1979இல் மின்தம்புராவை உருவாக்கிய பின், இவ்வேலை இன்னும் எளிதாயிற்று. இன்று கைத்தொலைபேசியிலேயே தம்புரா கிடைக்கின்றது. அம்மாவுக்கு ஐந்து கட்டை, அண்ணாவுக்கு ஒன்றரை, தங்கைக்கு ஆறரை என்று ஒரே கருவி மூவருக்கும் பணிசெய்யும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் சுருதியைக் கண்டுபிடிப்பது கடினமன்று. சிரமமின்றி நீங்கள் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த சுரத்தைப் பாடி, அதைக் கீழ்ப்பஞ்சமமாக வைத்து, அங்கிருந்து ஷட்ஜத்துக்கு ஏறுங்கள். பிறகு மேற்பஞ்சமம்வரை முகம் சுளிக்காமற் போகமுடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அரைக்கட்டை இறக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குரல் உடையும் வயதினர் மாதம் ஒருமுறை, இதைச் செய்யவேண்டும்.

விழாக் குழுவினரிடமும் ஒன்று கேட்கிறேன். கூட்டுப் பாடலுக்கு ஒரே சுருதி தவிர்க்க இயலாதது. அதனைச் சற்றுத் தாழ்த்தியே வையுங்கள். தனிப்பாடலுக்கு அந்தத் தேவையில்லை. போட்டி விண்ணப்பப் படிவத்திற் பெயர், வயது, வகுப்பு என்னும் மூன்று கட்டங்களோடு 'சுருதி' என்று நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்த்து, விழாவுக்கு ஒரு வாரம் முன்னரே நிரப்பி வாங்கினால், மேடையிற் பொத்தானை அழுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அரை நிமிடம் போதும்.