பாங்கு கேட்ட காது



ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்து வரும்போது, பத்து மாதக் குழந்தையுடன் ஒரு வாப்பா காத்திருந்தார். "மௌலவி, கூப்பிட்டாப் புள்ள திரும்புதில்ல. கண்ணூறோ தெரியா, தண்ணி ஓதித் தாங்க" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். கூடவே, ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியை நினைவூட்டி, மறுநாளே காதைப் பரிசோதிக்கச் சொன்னேன். குறை காதில்தான் இருந்தது. "இவன்ட வாப்பாவும் பிந்தித்தான் பேசின" என்ற மூத்தம்மாவின் ஆறுதலிலேயே மாதங்கள் கழிந்திருந்தன. அல்ஹம்துலில்லாஹ், இன்று செவிக்கருவியுடன் அப்பிள்ளை பேசப் பழகுகிறது.

சூரத்துந் நஹ்லின் 78ஆம் வசனம் நமக்குத் தரப்பட்ட அருட்கொடைகளில் கேள்விப்புலனையே பார்வைக்கு முன் கூறுகிறது. பிறந்ததும் பாங்கு சொன்ன அந்தக் காதோடு பிறகு நாம் பேசுகிறோமா? குளிப்பாட்டும்போதும் உடுப்பு மாற்றும்போதும் பேசுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது "ஊ, ஆ" என்னும். நீங்களும் பதில் சொல்லுங்கள். ஆறு மாதத்தை ஒட்டி "பபப, மமம" என்று அடுக்கத் தொடங்கும். ஒன்பது மாதமளவில் பெயர் சொன்னால் திரும்பும். ஒரு வயதை ஒட்டி முதற்சொல் வரும். சற்று முந்தலாம், பிந்தலாம். ஆனால் சத்தத்துக்கே திரும்பாத பிள்ளைக்குத் தவணை சொல்லாதீர்கள். மருத்துவ மாதுவிடம் உடனே காட்டுங்கள்.

உணவும் அப்படியே. பாலூட்டலைப் பூர்த்தியாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்கிறது அல்குர்ஆன் (2:233). முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் தாய்ப்பாலோடு மசித்த சோறும் பருப்பும், முள் நீக்கிய மீனும், நன்கு அவித்த முட்டையும் கொடுங்கள். கஞ்சித் தண்ணீராகக் கரைக்காதீர்கள். கரண்டியில் நிற்கும் பதம் வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் கனிந்த வாழைப்பழத் துண்டைக் கையில் கொடுங்கள், அருகிலேயே இருங்கள். எப்போதும் அரைத்ததையே கொடுத்தால் பிறகு மெல்ல மறுக்கும். ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டாம், தஹ்னீக்குக்கும்கூட. அதிலுள்ள ஒரு கிருமி சிசுவின் குடலில் நஞ்சாகலாம். நபியவர்கள் தஹ்னீக் செய்தது பேரீச்சம்பழத்தால்தான்.

ஊட்டும்போது கையடக்கத் தொலைபேசியைக் காட்டாதீர்கள். உங்கள் முகத்தைக் காட்டி, "பிஸ்மில்லாஹ்" சொல்லி, "இது சோறு, இது மீன்" என்று பெயர் சொல்லி ஊட்டுங்கள். தொலைபேசி பேசும்; பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லாது. உம்மாதான் சொல்வாள்.

நம் பிள்ளைகளின் செவிக்கும் நாவுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.