பாத்திரம் அறிந்து வாங்கு!

என் நாத்தனார் வளையலை அடகு வைத்து மெஸ் ஆரம்பிக்கிறாள். பாத்திரம் வாங்க நானும் துணைக்குப் போனேன். கடைக்காரர் 'ஜி.என். பான்' என்று செவ்வகப் பாத்திரங்களை எடுத்துப் போட்டார். இவள் எல்லாமே 200 மில்லிமீட்டர் ஆழத்தில் கேட்டாள்.

"நிறையக் கொள்ளுமே அண்ணி!"

"கொள்ளும்மா, ஆனா சீக்கிரம் ஆறாதே!" என்றேன்.

பட்ட அனுபவம்தான். ஒரு விசேஷத்தில் மிஞ்சிய சாம்பாரை அண்டாவோடு மூடி வைத்துவிட்டேன். மேலே ஆறிவிட்டது, நடுவிலோ விடிய விடிய வெதுவெதுப்பு. மறுநாள் சுட வைத்துக் கொடுத்ததில் குழந்தைகளுக்கு வாந்தி, பேதி! 5 டிகிரி சென்டிகிரேடுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். சில கிருமிகள் விடும் நஞ்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆகவே, ஆற வைக்க 65 மில்லிமீட்டர் ஆழம். சூடாகவே பரிமாறும் சாம்பாருக்கு 150. நீளம் 530, அகலம் 325 என்று ஒரே அளவாக வாங்கினால் பரிமாறும் மேஜையில் மாற்றி மாற்றி வைக்கலாம்.

புளி சேர்ந்த பண்டத்துக்கு அலுமினியம் வேண்டாம், எவர்சில்வரே நல்லது. '304' ரகமா என்று கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது! ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மிஞ்சிய குழம்பை அகலமான பேசினில் ஊற்றி ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

நாத்தனாரின் வளையல் சீக்கிரம் கைக்குத் திரும்பட்டும்!