ஆப்பிளைச் சுரண்டினால் வரும் மெழுகு... யார் பூசியது?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் தள்ளுவண்டி நின்றாலும் சரி, திருச்சி காந்தி மார்க்கெட்டில் கடை விரித்திருந்தாலும் சரி... ஆப்பிளை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்க்காமல் பலரும் வாங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள் செய்த வேலை அது. கத்தியால் தோலைச் சீவுவார்கள், வெள்ளையாக மெழுகு உதிரும், 'விஷம், உடனே பகிருங்கள்' என்று கீழே எழுத்து ஓடும். அந்த வாரம் வண்டிக்காரருக்கு வியாபாரம் படுத்துவிடும். மண்டியில் எடுத்ததைத்தான் விற்கிறேன் என்று அவர் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

வீடியோக்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆப்பிள் தானே மெழுகு சுரக்கும் பழம். ஆப்பிள் மட்டுமல்ல, நம்மூர் மொந்தன் காயின்மேல் திருநீறு பூசியது போல இருக்கிறதே, அதுவும் மெழுகுதான். அதற்காகவே ஒரு ரகத்துக்கு 'சாம்பல் மொந்தன்' என்று பெயர் வந்தது. வாழை இலையில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் முத்து முத்தாக உருளுவதும் இதனால்தான்.

பறித்த ஆப்பிளைக் கழுவும்போது இயற்கை மெழுகில் கொஞ்சம் போய்விடும். பழம் வாடாமல் இருக்க, மேலே மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். தேன்மெழுகு, கார்னோபா என்ற பிரேசில் பனை மெழுகு, அரக்கு ஆகியவற்றை, லேபிளில் குறிப்பிட்டுப் பூச நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. மெழுகுவத்தி செய்யும் பாரஃபினுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

ஆக, மெழுகு இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. எந்த மெழுகு என்பதுதான் கேள்வி. அதைக் கத்தியால் கண்டுபிடிக்க முடியாது.

மொய் எழுதும் செடிகள்

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த நேரான சங்கிலிகளுக்கு ஆல்கேன் என்று பெயர். இவை வீட்டுக்குள்ளேயே வரிசையாக இருக்கின்றன. சமையல் சிலிண்டரில் இருப்பது மூன்று, நான்கு கார்பன் சங்கிலிகள். மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 முதல் 16 வரை. மெழுகுவத்தியில் 20-க்கு மேல். சங்கிலி நீள நீள வாயு திரவமாகும், திரவம் கட்டியாகும். 20 கார்பன் கொண்டது சுமார் 37 டிகிரியில் உருகும். திருச்சியில் மே மாதம் மொட்டை மாடியில் வைத்தால் அடுப்பே தேவையில்லை. 40 கார்பன் சங்கிலி உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

செடிகளின் ஆல்கேன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் மொய் எழுதும்போது 101, 501 என்று ஒற்றைப்படையில் வைப்போமே, அதே கதைதான். 27, 29, 31, 33 என்று ஒற்றைப்படைச் சங்கிலிகள்தான் அங்கே அதிகம். செடி கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துக் கட்டுகிறது, அதனால் இரட்டைப்படை எண்ணிக்கை வருகிறது. ஆல்கேனாக மாற்றும்போது அதில் ஒரு கார்பனைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது ஒற்றைப்படை. ஆப்பிள் தோலின் ஆல்கேன்களில் பெரும்பங்கு 29. தேன்மெழுகில் முன்னால் நிற்பது 27.

பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபினில் இந்தப் பேதம் இல்லை. 26, 27, 28, 29, 30 என்று படிக்கட்டு போல எல்லாம் வரும். பல கோடி ஆண்டுகள் பூமிக்கடியில் வெந்ததில் ஒற்றைப்படைச் சாய்வு அழிந்துவிடுகிறது. எண்ணெய் தேடுகிறவர்கள், பாறை எவ்வளவு 'வெந்திருக்கிறது' என்று பார்க்க இந்த ஒற்றை-இரட்டை விகிதத்தைக் கணக்கிடுவார்கள். 1961-ல் பிரே, எவான்ஸ் என்ற இருவர் கொடுத்த கணக்கு அது. காவிரிப் படுகைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஸ்ரீரங்கத்தைத் தாண்டி ஓடும் ஆறு கடலைத் தொடும் டெல்டாவில், மண்ணுக்கு மேலே வாழையும் நெல்லும் ஒற்றைப்படை மெழுகு சுரக்கின்றன. கீழே கச்சா எண்ணெய் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டம் நரிமணத்தில் 1993-ல் சுத்திகரிப்பு ஆலையே வந்தது.

அளவுகோல் எங்கே?

லேபில் ஆப்பிள் தோலின் மெழுகைக் கரைத்து, கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியில் ஒரு சொட்டிலும் சிறு துளியாகச் செலுத்துவார்கள். உள்ளே தலைமுடி போன்ற துளையுள்ள குழாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பிரித்தால் பெரும்பாலும் 30 மீட்டர் நீளம் வரும். சூடு ஏற ஏற, சிறிய சங்கிலி முதலில் வெளியே வரும், பெரியது பின்னால் வரும். ஒவ்வொன்றும் திரையில் ஒரு பீக்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எந்த பீக் 29, எந்த பீக் 30? இதோடு இணைந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பொருளை உடைத்துத் துண்டுகளை வைத்து அடையாளம் சொல்லும். ஆனால், நீளமான ஆல்கேன்கள் எல்லாம் உடைந்தால் ஒரே மாதிரித் துண்டுகளைத்தான் தரும். 29-ம் 31-ம் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். கம்ப்யூட்டர் நம்பிக்கையோடு ஒரு பெயரைக் காட்டும், அதை அப்படியே எழுதிவிட்டால் தப்பாகிவிடலாம்.

அதனால்தான் 'ஆல்கேன் ஸ்டாண்டர்டு' என்ற சிறு குப்பி. எந்தெந்தச் சங்கிலி, எவ்வளவு என்று தெரிந்து கலந்த கலவை. 8 முதல் 20 வரை ஒரு குப்பி, 21 முதல் 40 வரை இன்னொன்று என்று விற்கிறார்கள். முதலில் இதை ஓட்டினால் திரையில் ஓர் ஏணி விழும். பிறகு ஆப்பிள் மெழுகை ஓட்டி, எந்தப் படிக்கு நேராக எந்த பீக் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த ஏணிக்கு எண் கொடுத்தவர் ஹங்கேரியில் பிறந்து சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய எர்வின் கோவாட்ஸ். ஆண்டு 1958. கார்பன் எண்ணிக்கையை 100-ஆல் பெருக்கு, அவ்வளவுதான். 13 கார்பன் என்றால் 1300, 14 என்றால் 1400. வேறு எந்தப் பொருளும் இந்தப் படிகளுக்கு நடுவே ஓரிடத்தில் நிற்கும். ஸ்ரீரங்கத்தில் மாலையாகக் கட்டும் துளசியின் எண்ணெயை ஓட்டினால், பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் குழாயில் யூஜினால் சுமார் 1360-ல் வரும். மெத்தில் யூஜினால் 1400-ஐ ஒட்டித் தாண்டி வரும். ஒரு துளசியில் முன்னது அதிகம், இன்னொன்றில் பின்னது அதிகம். திருச்சியில் ஓட்டினாலும் டோக்கியோவில் ஓட்டினாலும், குழாய் அதே வகையாக இருந்தால் எண் ஏறக்குறைய அதேதான்.

தேங்காய் எண்ணெய் பாட்டில் போல

இவ்வளவு நம்பகமான ஏணிக்கும் ஒரு பலவீனம் உண்டு. மேல் படிகள் குப்பிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசி சமயத்தில், ஸ்ரீரங்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்திருக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துத்தான் தலைக்குத் தடவ முடியும். நீண்ட ஆல்கேன்களும் குளிருக்கு இப்படித்தான். ஃபிரிட்ஜில் வைத்த குப்பியில் 30-க்கு மேற்பட்டவை கரைசலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். ஹெக்சேனில் 40 கார்பன் சங்கிலி சரியாகக் கரையாது என்பதால்தான், நீளமானவற்றின் குப்பியில் பெரும்பாலும் டொலுவின் ஊற்றித் தருகிறார்கள். அதுவும் குளிர்ந்தால் கதை அதேதான். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து ஓட்டினால் ஏணியின் உச்சிப் படிகள் மெலிந்துவிடும், சில நேரம் காணாமலே போகும்.

போனால் போகட்டும் என்று விட முடியாது. ஏணியின் தொடக்கத்தில் இருக்கும் சின்னச் சங்கிலிகள் பல நேரங்களில் கரைப்பானின் பெரிய பீக்குக்குள் மறைந்துவிடுகின்றன. அதனால், கடைசி பீக்கை 40 என்று வைத்துப் பின்னாலிருந்து எண்ணுகிறவர்கள் உண்டு. 40 வராத நாளில் 39-க்கு 40 என்று பெயர் விழும். 29-க்கு 30 என்று விழும். ஒற்றைப்படை முழுவதும் இரட்டைப்படை ஆகிவிடும். ஆப்பிள் தானே சுரந்த மெழுகு, 'செடிக்கே உரியதல்லாத' மெழுகாகக் காகிதத்தில் ஏறும். இரட்டைப்படை மட்டும் கலந்த ஸ்டாண்டர்டு குப்பிகளும் கடையில் உண்டு, லேபிளைக் கவனிக்காமல் ஓட்டினால் குழப்பம் இன்னும் கூடும்.

விவரம் தெரிந்த லேப்களில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். குப்பியை மூடியபடியே மிதமான சூட்டில் வைத்து, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு துகள்கூட மிதக்கக் கூடாது. திறந்து வைத்துச் சூடாக்கினால் கரைப்பான் ஆவியாகி அளவே மாறிவிடும். டொலுவின் தீப்பற்றும் என்பதால் நெருப்பருகே கொண்டு போவதும் கிடையாது. பிறகு, 30 கார்பன் போல ஏதாவது ஒன்றை மட்டும் தனியாக ஓட்டி, ஏணியில் அது எந்தப் படி என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள்.

குப்பி சரியாக இருந்தும் கருவியின் வாயிலிலேயே கனமான சங்கிலிகள் தங்கிவிடுவது உண்டு. தண்ணீரில் கலந்த எண்ணெயை அளக்கும் சர்வதேச முறை ஒன்று, ஐ.எஸ்.ஓ. 9377-2, 10 கார்பனிலிருந்து 40 வரை உள்ள மொத்தத்தையும் கூட்டச் சொல்கிறது. அதில், 20 கார்பனுக்குக் கிடைக்கும் அளவில் குறைந்தது 0.8 பங்காவது 40-க்கும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கருவியைச் சரிசெய்த பிறகுதான் மேற்கொண்டு அளக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் இந்தச் சோதனை செய்யும் எந்த லேபுக்கும் இதே விதிதான்.

'பாரஃபின் கண்டறியப்பட்டது' என்று ஒற்றை வரியில் ஓர் அறிக்கை வந்தால், வண்டிக்காரரோ வாங்கியவரோ படத்தையும் கேட்கலாம். ஆப்பிள் மெழுகின் பீக் படமும் அன்றைக்கு ஓட்டிய ஸ்டாண்டர்டின் ஏணிப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். 26, 28, 30-ம் பக்கத்துப் படிகளுக்குச் சமமாக எழுந்து நிற்கின்றனவா என்று வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே பார்த்துச் சொல்லிவிடும். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவலாம், பூச்சு முழுதாகப் போகாது, குறையும். மனம் ஒப்பவில்லை என்றால் தோல் சீவிச் சாப்பிடலாம்.