மண்டையோடும் மாமியும்

கடந்த நோன்புப் பெருநாளன்று மாமி தன் பேரனின் படத்தை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். தொப்பி கண்வரை இறங்கியிருக்க, கன்னமெல்லாம் வட்டிலப்பத்தோடு நின்றான். சிரிப்பை அடக்க முடியாமல் நான் அதன் கீழே மூன்று மண்டையோடுகளைப் போட்டேன். பத்து நிமிடத்தில் உம்மாவுக்கு அழைப்பு வந்தது.

"பெருநாளும் அதுவுமா புள்ளைட படத்துக்குக் கீழ உங்கட மகள் மவுத்துக் குறியப் போட்டிருக்காளே மதினி!"

மாமியின் குரல் நடுங்கியது எனக்கும் கேட்டது.

என் வயதினருக்கு மண்டையோடு என்றால் 'சிரித்தே செத்தேன்' என்று பொருள். மாமிக்கு அது நஞ்சுப் போத்தலில் ஒட்டியிருக்கும் படம். யோசித்துப் பார்த்தால் மாமி வாசித்ததுதான் நேர்ப்பொருள். திரித்தது நாங்கள். சிரித்துக் கண்ணீர் வடிக்கும் முகத்தை ஒக்ஸ்போர்ட் அகராதி நிறுவனம் 2015ஆம் ஆண்டின் சொல்லாகவே தெரிவு செய்தது. இன்று என் வகுப்பில் யாரும் அதைப் போடுவதில்லை, அது 'உம்மாமாரின் சிரிப்பு'. உயர்த்திய பெருவிரலும் அப்படித்தான். வாப்பா போட்டால் 'சரி மகள்' என்று அர்த்தம். தோழி போட்டால், "என்னடி கோபமா?" என்று கேட்போம். துஆவுக்கு ஏந்திய கைகளில் மட்டும் எங்கள் வீட்டில் வயது வித்தியாசம் இல்லை. (அந்தப் படம் 2017இல்தான் இமோஜிகளோடு சேர்ந்தது.)

மாமியின் கதையைச் சிரிப்பாகச் சொல்லிவிடலாம். அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு ஜனாஸா அறிவித்தலின் கீழ், பெரியப்பா முறையான ஒருவர் அதே சிரிப்பு முகத்தை நான்கு தடவை போட்டிருந்தார். அந்தச் சின்னப் படத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது கண்ணீர் மட்டும்தான். வபாத்தானவர் அவரோடு ஒன்றாக ஓதிய கூட்டாளி. நாங்கள் யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷொட் எடுத்து எங்களுக்குள் அனுப்பிச் சிரித்தோம். நானும் அனுப்பினேன். அது எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. அன்றிலிருந்து அவர் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. பெருநாள் வாழ்த்துக்கூட வரவில்லை.

"பெரியவங்கதான் பழகிக்கொள்ளணும்" என்று தோழிகள் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பொருளும் எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு ஒன்றுதான் தெரியும். அப்படியானால் இறங்கிவர வேண்டியவர் யார்? உம்மும்மாவோடு ஒரு தமிழ் பேசி, பரீட்சைத் தாளில் இன்னொரு தமிழ் எழுதுகிறோம். பெரியவர்கள் இருக்கும் குழுவில் மண்டையோட்டைத் தவிர்ப்பதா நமக்குப் பெரிய பாரம்?

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு படத்தின் பொருளில் சந்தேகம் வந்தால் எங்களிடமே கேளுங்கள். சிரிக்காமல் சொல்லித்தருவது எங்கள் பொறுப்பு.

மாமியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பெரியப்பா வீட்டுக்குத்தான் இன்னும் போகவில்லை. இதைச் செய்தியாக அனுப்பினால் சரிவராது, நேரில்தான் போகவேண்டும்.